வீட்டுக் கடன்: கூடுதலாகக் கட்டும் பணம் அசலில் விழுகிறதா?

வீட்டுக் கடன் குறித்து இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தவணைக்கு மேல் கூடுதலாகக் கட்டுவதைப் பற்றியவை. எவ்வளவு கட்டலாம், எப்போது கட்டலாம், கட்டிய பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். கணக்குகள் எல்லாம் மாறும் வட்டிக் கடனுக்கானவை. வட்டி மாறாமல் இருந்தால் என்ற அடிப்படையில் போட்டவை.

40 லட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டு, 8.5 சதவீத வட்டி. போன மாதம்தான் முதல் தவணை கட்டினோம். மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட முடியும். இவ்வளவு பெரிய கடனில் 5,000 ரூபாயால் என்ன ஆகிவிடப் போகிறது என்கிறார் கணவர். மாதாமாதம் கட்டுவதா, சேர்த்து வைத்து ஆண்டுக்கு ஒரு முறை கட்டுவதா?
– ஆசிரியை, திருச்சி

மாதாமாதம் கட்டுங்கள், இந்த மாதமே தொடங்குங்கள்.

உங்கள் தவணை 34,713 ரூபாய். முதல் தவணையைப் பிரித்துப் பார்த்தால் 28,333 ரூபாய் வட்டிக்கே போயிருக்கும். அசலில் கழிந்தது 6,380 ரூபாய்தான். நீங்கள் கூடுதலாகக் கட்டும் 5,000 ரூபாயில் வட்டிக்குப் பங்கு கிடையாது. அந்த மாத வட்டியைத் தவணையிலேயே எடுத்துவிட்டார்கள். 5,000 ரூபாயும் அப்படியே அசலில் கழியும். தவணைத் தொகை 14 சதவீதம்தான் கூடுகிறது. அசல் கரையும் வேகமோ அந்த மாதத்தில் 78 சதவீதம் கூடிவிடுகிறது. உங்கள் கணவரிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

இப்படியே தொடர்ந்தால் 240 மாதக் கடன் 177 மாதத்தில் முடிந்துவிடும். 178ஆவது மாதத்துக்கு மூவாயிரத்துக்கும் குறைவாகவே மிஞ்சும். மொத்த வட்டி 43.31 லட்சத்திலிருந்து 30.32 லட்சமாக இறங்கும். ஏறக்குறைய 13 லட்சம் ரூபாய் மிச்சம். அதற்காக நீங்கள் கூடுதலாகக் கையிலிருந்து போடுவது 177 மாதத்துக்கு மாதம் 5,000 வீதம் 8.85 லட்சம். அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு மேல் தவணையே இல்லை.

சேர்த்து வைத்துக் கட்டினால் என்ன இழப்பு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மாதம் 5,000 வீதம் கட்டினால் ஆண்டு முடிவில் கடன் பாக்கி 62,394 ரூபாய் குறைந்திருக்கும். 60,000 ரூபாயைச் சேர்த்து ஆண்டுக் கடைசியில் கட்டினால் குறைவது 60,000 மட்டுமே. வித்தியாசம் 2,394 ரூபாய். சேமிப்புக் கணக்கில் இருந்த நாட்களுக்கு வங்கி தரும் வட்டி இதில் பாதியைக்கூட ஈடுகட்டாது. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சேமிப்புக் கணக்கில் சேரும் 60,000 ரூபாய் மார்ச் மாதம் வரை அப்படியே இருக்காது. ஏதாவது ஒரு கல்யாணத்துக்கு மொய்யாகவோ, பள்ளிக் கட்டணமாகவோ போய்விடும்.

மாதம் ஒதுக்க முடியாதவர்கள் போனஸ் வரும்போது ஆண்டுக்கு ஒரு தவணைத் தொகையை மட்டும் கூடுதலாகக் கட்டலாம். இதே கடன் 201 மாதத்தில் முடியும். மூன்றேகால் ஆண்டு குறையும், வட்டியில் 8 லட்சத்துக்கு மேல் மிஞ்சும். சம்பளம் ஆண்டுதோறும் உயர்கிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் தவணையை 5 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் கடன் 12 ஆண்டு 3 மாதத்தில் தீர்ந்துவிடும். வட்டி மிச்சம் 15.6 லட்சம். ஆனால் 12ஆவது ஆண்டில் தவணை 59,371 ரூபாயாக இருக்கும். அதைத் தாங்க முடியுமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரிய தொகை கைக்கு வந்தால் தள்ளிப் போடாதீர்கள். இந்தக் கடனில் 2 லட்சத்தை முதல் ஆண்டு முடிவில் கட்டினால் 26 மாதம் குறையும், வட்டி மிச்சம் சுமார் 7.1 லட்சம். அதே 2 லட்சத்தைப் பத்தாவது ஆண்டு முடிவில் கட்டினால் 13 மாதம்தான் குறையும், மிச்சம் சுமார் 2.5 லட்சம். பத்து ஆண்டு ஒழுங்காகத் தவணை மட்டும் கட்டி வந்தவருக்கு இந்தக் கடனில் இன்னும் 28 லட்சம் பாக்கி இருக்கும். பாதிக் காலம் போனால் பாதிக் கடன் தீர்ந்திருக்கும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

இதே போன்ற 40 லட்சக் கடனில் 5 ஆண்டு முடித்துவிட்டோம். பாக்கி 35.25 லட்சம். நிலம் விற்ற பணத்தில் 5 லட்சம் கட்டினேன். அடுத்த மாதம் தவணை 29,789 ரூபாயாகக் குறைந்துவிட்டது. தவணை குறைந்தது நல்லதுதானே?
– கோயம்புத்தூர் வாசகர்

கைக்கு இலகுவாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் கட்டிய 5 லட்சத்தின் பலனில் பெரும்பகுதி நழுவிப் போகிறது.

தவணையைக் குறைத்து மீதி 180 மாதத்தையும் அப்படியே வைத்தால் வட்டியில் மிஞ்சுவது 3.86 லட்சம். தவணையைப் பழையபடி 34,713 ஆகவே வைத்துக் காலத்தைக் குறைத்திருந்தால் 136 மாதத்தில் கடன் முடியும், மிச்சம் 10.25 லட்சம். கட்டிய பணம் ஒன்றே. படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறோம் என்பதில்தான் 6 லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது.

சில நிறுவனங்களில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் தவணையைக் குறைத்துவிடுவார்கள், சிலவற்றில் காலம் குறையும். அதனால் பணம் கட்டும்போதே ‘மாதத் தவணை மாறக் கூடாது, தவணைக் காலத்தைக் குறைக்கவும்’ என்று எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சலில் கேட்டால் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு வாரம் கழித்துப் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கிக் கடைசித் தவணை எந்த மாதம் என்று பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. கிளையில் எழுதிக் கொடுத்துத் தவணையைப் பழைய தொகைக்கு மாற்றச் சொல்லலாம். மாற்ற மறுத்தாலும் கவலை வேண்டாம். குறைந்த தொகையான 4,924 ரூபாயை மாதாமாதம் நீங்களே அசலில் கட்டிவந்தால் அதே 136 மாதத்தில் கடன் முடியும். வருமானம் ஒரே சீராக வராதவர்களுக்கு நாங்களே இந்த முறையைத்தான் சொல்வோம். கட்டாயத் தவணை சிறியதாக இருக்கும். வியாபாரம் மந்தமான மாதத்தில் மீதியை நிறுத்திக்கொள்ளலாம். கை ஓடும் மாதத்தில் மறக்காமல் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கடன் வாங்கி எட்டு மாதமாகத் தவணையோடு 10,000 ரூபாய் கூடுதலாகச் செயலி வழியே அனுப்புகிறேன். ஆனால் கடன் பாக்கி 80,000 ரூபாய் குறையவில்லை. பணம் எங்கே போனது?
– மதுரை வாசகி

தொலையவில்லை, தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக் கடனில் அடிக்கடி நடக்கும் தவறு இது. எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் தவிர்த்துவிடலாம்.

கடன் கணக்குக்கு வரும் பணத்தை இரண்டு விதமாக வரவு வைக்க முடியும். ஒன்று, ‘பகுதி முன்செலுத்தல்’. அன்றே அசல் குறையும். மற்றொன்று, ‘முன்பணத் தவணை’. பணம் தனியாக ஒரு பக்கம் கிடக்கும், அடுத்த தவணை நாள் வரும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது வகையில் விழுந்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வட்டி குறையாது. பல நிறுவனங்களின் செயலியில் ‘பணம் செலுத்து’ என்ற பொதுவான பொத்தானை அழுத்தினால் பணம் முன்பணத் தவணையாகவே போகும். ‘பகுதி முன்செலுத்தல்’ என்பது வேறொரு பக்கத்தில், சேவைக் கோரிக்கைகளுக்குள் இருக்கும். நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே அனுப்பினாலும் இப்படித் தேங்கிவிடும். சில இடங்களில் ஒரு தவணை அளவாவது இருந்தால்தான் அசலில் கழிப்பார்கள்.

கடன் கணக்கு அறிக்கையைத் தரவிறக்கம் செய்து ஒரு மாதத்தை மட்டும் விரலை வைத்துப் பாருங்கள். 5ஆம் தேதி தவணை போன பிறகு பாக்கி அசல் 24,60,000 என்று வைத்துக்கொள்வோம். 7ஆம் தேதி நீங்கள் 10,000 அனுப்பியிருக்கிறீர்கள். அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் 24,50,000 என்று இருக்க வேண்டும். 24,60,000 என்றே நின்று, வரவு மட்டும் பதிவாகியிருந்தால் பணம் அசலில் விழவில்லை என்று பொருள். ‘அதிக வரவு’, ‘ஒதுக்கப்படாத தொகை’ போன்ற தலைப்புகளில் அது காத்துக் கிடக்கும்.

கண்டுபிடித்தவுடன் எட்டு பரிமாற்றங்களின் தேதி, தொகை, யூ.டி.ஆர். எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் அடையாள எண்) மூன்றையும் பட்டியலிட்டு, அந்தந்தத் தேதியிலேயே அசலில் வரவு வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். இன்றைய தேதியில் மொத்தமாக வரவு வைக்கிறோம் என்றால் எட்டு மாத வட்டிச் சலுகை போய்விடும். பொதுத்துறை வங்கிகள் பலவற்றில் கடன் கணக்கு எண்ணுக்கே ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டோடு நேரடியாகப் பணம் அனுப்பினால் அன்றே பாக்கி குறைந்துவிடும். அங்கும் முதல் முறை 1,000 ரூபாய் மட்டும் அனுப்பி, அறிக்கையில் அசல் சரியாக 1,000 குறைகிறதா என்று பார்த்துவிட்டுப் பெரிய தொகையை அனுப்புங்கள்.

கூடவே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடனில் வட்டிக் கணக்கு தினசரி பாக்கியின் மேலா, மாதப் பாக்கியின் மேலா? தினசரி என்றால் எந்த நாளில் கட்டினாலும் மறுநாளிலிருந்து பலன். மாதக் கணக்கு என்றால் அவர்கள் கணக்கு எடுக்கும் தேதிக்கு முன்பே பணம் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் ஒரு மாத வட்டி போய்விடும்.

பாதியில் கூடுதலாகக் கட்டினால் 2 சதவீதம் அபராதம் என்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா?
– சேலம் வாசகர்

மாறும் வட்டியில், தனிநபர் பெயரில், தொழில் நோக்கம் இல்லாமல் வாங்கிய வீட்டுக் கடன் என்றால் வேண்டியதில்லை. வங்கிகளுக்கு 2012ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி இதைத் தடை செய்துவிட்டது. 2026 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ அனுமதிக்கப்பட்ட, புதுப்பிக்கப்பட்ட கடன்களுக்கு விதி இன்னும் தெளிவாக இருக்கிறது. முழுவதையும் அடைத்தாலும் பகுதியாகக் கட்டினாலும், பணம் எங்கிருந்து வந்தாலும் கட்டணம் கேட்கக் கூடாது. குறைந்தபட்சக் காலம் கழியட்டும் என்றும் சொல்லக் கூடாது. மனைவியோ மகனோ இணைக் கடன்தாரராக இருந்தாலும் இதுவே விதி.

நிலையான வட்டிக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. முதல் சில ஆண்டு நிலையான வட்டி, அப்புறம் மாறும் வட்டி என்ற இரட்டை வகைக் கடன் என்றால், நீங்கள் பணம் கட்டும் நாளில் எந்த வட்டி ஓடுகிறது என்பதே கணக்கு. அனுமதிக் கடிதத்தில் ‘முன்செலுத்தல் கட்டணம்’ என்ற பத்தியைப் படித்துவிட்டுப் பேசப் போங்கள்.

2021இல் 25 லட்சம் வாங்கினேன். 6.75 சதவீதம், 20 ஆண்டு, தவணை 19,009. ஒரு தவணையும் தவறவில்லை. பாக்கி 24 லட்சம் இருந்தபோது, கடன் முடிய இன்னும் 30 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று அறிக்கையில் வந்தது. இது எப்படி?
– ஈரோடு வாசகர்

வட்டி உயர்ந்தபோது வங்கி உங்கள் தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டியிருக்கிறது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதம் ஆனது. உங்கள் வட்டி 9 சதவீதத்தைத் தொட்டபோது 24 லட்சத்துக்கு மாத வட்டியே 18,000 ரூபாய். 19,009 ரூபாய் தவணையில் அசலுக்குப் போனது 1,009 ரூபாய்தான். அந்த வேகத்தில் கடன் தீர 393 மாதம், அதாவது 32 ஆண்டு 9 மாதம் ஆகும். அச்சுப் பிழை இல்லை, கணக்கே அப்படித்தான் வரும். வட்டி இன்னும் கால் சதவீதம் ஏறி, பாக்கி 25 லட்சமாகவே இருந்திருந்தால் மாத வட்டி 19,271 ஆகியிருக்கும். தவணையே வட்டிக்குப் போதாமல் கடன் வளரத் தொடங்கியிருக்கும்.

பின்னர் 2025இல் ரெப்போ விகிதம் 6.5இலிருந்து 5.25 சதவீதமாக இறங்கியது. உங்கள் கடன் 2019 அக்டோபருக்குப் பிந்தியது. வங்கியில் வாங்கியதாக இருந்தால் பெரும்பாலும் ரெப்போவுடன் இணைந்திருக்கும், குறைப்பு தானாகவே வந்திருக்க வேண்டும். வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 24 லட்சத்துக்கு அதே தவணையில் 277 மாதம். தவணையை 3,000 ரூபாய் கூட்டி 22,009 ஆக்கினால் 195 மாதம். ஏழு ஆண்டு குறைவதற்கு மாதம் 3,000 ரூபாய் அதிகமில்லை.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கென்றே ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வட்டி மாற்றி அமைக்கப்படும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒவ்வொரு காலாண்டும் இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, மீதித் தவணை எண்ணிக்கை, வட்டி விகிதம் ஆகியவை அடங்கிய அறிக்கையை அவர்கள் தர வேண்டும். அதில் ‘மீதித் தவணை’ என்ற ஓர் எண்ணை மட்டும் நாட்குறிப்பில் எழுதி வாருங்கள். மூன்று மாதத்தில் மூன்று குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் அன்றே கிளைக்குப் போங்கள்.

தவணையைக் கூட்டும்போது வங்கிக் கணக்கில் நீங்கள் கொடுத்திருக்கும் தானியங்கிப் பற்று ஒப்புதலின் உச்சவரம்பையும் பாருங்கள். வரம்பு 20,000 ஆக இருந்து தவணை 22,009 ஆனால் தவணை திரும்பிவிடும். அபராதமும் விழும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் குறையும். புதிய ஒப்புதல் பதிவாகும் வரை பழைய தவணையே ஓடட்டும்.

எம்.சி.எல்.ஆர்., அடிப்படை வட்டி போன்ற, வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே வட்டியை நிர்ணயிக்கும் பழைய முறைகளில் கடன் வைத்திருப்பவர்கள் கூடுதல் பணம் கட்டும் முன்பே ரெப்போ இணைப்புக்கு மாற்றும்படி சொந்த வங்கியிலேயே கேளுங்கள். ஒரு சிறு கட்டணத்தோடு முடிந்துவிடும். வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவதென்றால் செயலாக்கக் கட்டணம், சட்டக் கருத்து, பழைய எம்.ஓ.டி.யை (வீட்டுப் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான பதிவு ஆவணம்) ரத்து செய்து புதியதைப் பதிவு செய்யும் முத்திரைச் செலவு எல்லாம் சேரும். மீதிக் காலம் குறைவாக இருந்தால் அந்தச் செலவு ஈடாகாது.

எனக்கு 52 வயது. கடன் 67 வயது வரை ஓடும். பாக்கி 18 லட்சம், வட்டி 8.5 சதவீதம், தவணை 17,725. பி.எஃப். பணத்தை எடுத்து அடைத்துவிடலாமா?
– திருநெல்வேலி வாசகர்

பி.எஃப். பணத்தில் கை வைக்காதீர்கள். 2024-25ஆம் ஆண்டுக்கு இ.பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். பெரும்பாலானோருக்கு அதற்கு வரியும் இல்லை. 8.5 சதவீதக் கடனை அடைக்க 8.25 சதவீத வருமானத்தை அழிப்பதில் கால் சதவீதம்தான் லாபம். ஓய்வுக் காலத்துக்கென்று இருக்கும் ஒரே கையிருப்பும் கரைந்துவிடும்.

60 வயதில் முடிக்க வேண்டும் என்றால் 8 ஆண்டுக்குத் தேவையான தவணை 25,906 ரூபாய். இப்போது கட்டுவதைவிட 8,181 ரூபாய் அதிகம். பிள்ளைகளின் படிப்பு முடிந்து கை கொஞ்சம் விடுபடும் வயது இது. அந்தத் தொகை சம்பளத்திலிருந்தே வர வழி உண்டா என்று பாருங்கள். முழுவதும் முடியாவிட்டால் முடிந்ததைக் கட்டி, 60 வயதில் மிஞ்சும் சிறிய பாக்கியைப் பணிக்கொடையில் தீர்க்கலாம்.

வங்கி வைப்புத்தொகை வேறு கதை. 7 சதவீத வைப்பு, 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு வரியும் செஸ்ஸும் போக 4.8 சதவீதம்தான் தரும். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கும் தவணைக்கும் போதுமான தொகையை வைத்துக்கொண்டு மீதி வைப்பை முதிர்வு நாளில் கடனுக்குத் திருப்புங்கள். அந்த ஆறு மாதப் பணத்தைத் தொடவே கூடாது. வீட்டுக் கடனில் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திருப்பிக் கேட்க முடியாது.

சீட்டு எடுத்ததில் 3 லட்சம் வந்திருக்கிறது. கிரெடிட் கார்டில் 60,000 பாக்கி, நகைக் கடன் ஒன்றரை லட்சம், வீட்டுக் கடனும் இருக்கிறது. எதை முதலில் அடைப்பது?
– வேலூர் வாசகி

கார்டு பாக்கியை இன்றைக்கே. அதன் வட்டி ஆண்டுக்கு 36 சதவீதத்தைத் தாண்டும். அடுத்து நகை. மீட்ட நகை வீட்டில் இருந்தால் அதுவே அவசரக் கையிருப்பு. மிஞ்சும் 90,000 ரூபாயில் சீட்டின் மீதித் தவணைகள் மூன்று நான்கை ஒதுக்கிவிட்டு, இருப்பதை வீட்டுக் கடனின் அசலில் கட்டுங்கள். கடன்களிலேயே வட்டி குறைந்தது வீட்டுக் கடன்தான், அது கடைசியில் நிற்கலாம்.

வீட்டுக் கடன் இருந்தால் வரி மிச்சம், ஆகவே அடைக்காதே என்கிறார் அலுவலக நண்பர். சரியா?
– சென்னை வாசகர்

நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். புதிய முறையில், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே இல்லை, அசலுக்கும் இல்லை. வட்டி 8.5 என்றால் முழு 8.5 சதவீதமும் உங்கள் செலவு. நண்பரின் வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பழைய முறையில் 24(பி) பிரிவின் கீழ் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவு உண்டு. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. 40 லட்சக் கடனில் முதல் ஆண்டு வட்டி 3.37 லட்சம். 2 லட்சத்துக்கு மேல் போகும் 1.37 லட்சத்துக்கு வரியில் எந்தச் சலுகையும் இல்லை. 8.5 சதவீத வட்டியில் பாக்கி ஏறக்குறைய 23.5 லட்சத்துக்குக் கீழே இறங்கினால்தான் ஆண்டு வட்டி 2 லட்சத்துக்குள் வரும். அதுவரை கூடுதலாகக் கட்டும் எந்த ரூபாயும் உங்கள் வரிச் சலுகையைக் குறைக்காது. அதன் பிறகு 30 சதவீத வரம்பில் இருப்பவருக்குக் கடனின் நிகரச் செலவு 5.85 சதவீதம். அங்கே வேண்டுமானால் வேகத்தைக் குறைத்து மற்ற சேமிப்பைப் பார்க்கலாம். கணவன், மனைவி இருவரும் சொத்திலும் கடனிலும் பங்குதாரர் என்றால் இருவருக்கும் தனித்தனியே 2 லட்சம்.

கூடுதலாகக் கட்டும் அசலும், சேமிப்புகளுக்கு வரிக் கழிவு தரும் 80சி பிரிவின் ஒன்றரை லட்சத்துக்குள் வரும். ஆனால் பி.எஃப்., எல்.ஐ.சி. இரண்டிலேயே பலருக்கு அது நிரம்பிவிடுகிறது. சொத்து கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் வீட்டை விற்றால், அப்படிக் கழித்த அசல் எல்லாம் விற்ற ஆண்டின் வருமானத்தோடு சேர்ந்துவிடும். விற்கும் எண்ணம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் நல்லதா?
– கடை உரிமையாளர், தஞ்சாவூர்

உங்களைப் போல் பணம் வந்து போகிறவர்களுக்கு நல்லது. பாரத ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் இந்த வகைதான். மிஞ்சும் பணத்தைக் கடன் கணக்கில் போட்டு வைத்தால் அந்த நாட்களுக்கு மீதித் தொகைக்கு மட்டுமே வட்டி. தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். சாதாரணக் கடனைவிட வட்டி சற்றுக் கூடுதலாக இருக்கும். சராசரியாக ஒரு லட்சம்கூடக் கணக்கில் நிற்காது என்றால் அந்தக் கூடுதல் வட்டி வீண். இதில் போட்டு வைக்கும் பணம் அசல் திருப்பியதாகக் கருதப்படாது, 80சி-யில் காட்ட முடியாது. எடுக்க வசதி இருந்தால் எடுத்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

அடுத்த மாதம் கடன் முழுவதும் முடிகிறது. என்னென்ன வாங்க வேண்டும்?
– நாகர்கோவில் வாசகி

வாழ்த்துகள். பணம் கட்டுவதில் காட்டிய அக்கறையைப் பத்திரத்தைத் திரும்ப வாங்குவதிலும் காட்டுங்கள்.

முதலில் ‘கணக்கு முடிப்பு அறிக்கை’ கேளுங்கள். அதில் ஒரு தேதி இருக்கும், அந்தத் தேதி வரைக்குமான வட்டியோடு தொகை இருக்கும். ஒரு நாள் பிந்திக் கட்டினாலும் ஒரு நாள் வட்டி பாக்கி நின்று, சில நூறு ரூபாய்க்காகக் கணக்கு திறந்தே கிடக்கும். கட்டிய பிறகு பாக்கி பூஜ்யம் என்று காட்டும் அறிக்கையையும் கடன் இல்லாச் சான்றையும் வாங்குங்கள். தானியங்கிப் பற்று ஒப்புதலை ரத்து செய்யுங்கள். பின் தேதியிட்ட காசோலைகள் கொடுத்திருந்தால் எண்ணித் திரும்பப் பெறுங்கள்.

கடன் வாங்கியபோது கொடுத்த ஆவணப் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், பட்டா, கட்டட அனுமதி வரைபடம், பழைய வில்லங்கச் சான்று என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேல் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். தாய்ப் பத்திரத்தின் ஒவ்வொரு தாளிலும் சார்பதிவாளர் அலுவலக முத்திரையும் ‘இத்தனையாவது தாள்’ என்ற எண்ணும் இருக்கும். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை எண் தொடர்கிறதா என்று அங்கேயே, மேசையிலேயே புரட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு தாள் இல்லையென்றால், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட பிறகு கேட்க முடியாது.

கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவேடுகளில் இருக்கும் பொறுப்பையும் (சொத்து அடமானத்தில் இருக்கிறது என்ற பதிவு) நீக்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ஆவணம் தொலைந்துவிட்டால் சான்றிட்ட நகல் பெற உதவி, செலவையும் அவர்களே ஏற்க வேண்டும், அதற்கு மேலும் 30 நாள் அவகாசம் உண்டு. புகார் எழுத்தில் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால், வங்கி என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் வீட்டு வசதி நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டு வசதி வங்கியிடமும் போகலாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது. பலர் இதை விட்டுவிட்டு, வீட்டை விற்கும் நாளில் அவதிப்படுகிறார்கள். கடன் வாங்கியபோது எம்.ஓ.டி. எனப்படும் உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருப்பார்கள். கடன் தீர்ந்ததும் அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தைப் பதிய வேண்டும். அதில் கையெழுத்திட வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் வர வேண்டும். ஆகவே பத்திரம் வாங்கப் போகும் அன்றே அவர் வரும் தேதியையும் உறுதி செய்துவிடுங்கள். கிளை மேலாளர் மாறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டியிருக்கும். அடமானச் சொத்துகளுக்கான மத்தியப் பதிவேடான செர்சாயில் இருக்கும் பொறுப்பை நீக்கியதற்கான அத்தாட்சியையும் கேளுங்கள்.

பதிவு முடிந்து சில நாள் கழித்துப் பதிவுத்துறை இணையதளத்தில் புதிய வில்லங்கச் சான்று எடுங்கள். எம்.ஓ.டி. பதிவுக்குக் கீழே ரசீது ஆவணத்தின் எண்ணும் தேதியும் வந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு மாதத்தில் சிபில் அறிக்கையில் இந்தக் கடன் ‘முடிக்கப்பட்டது’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘சமரசத்தில் தீர்க்கப்பட்டது’ என்று தவறாகப் பதிந்திருந்தால் கடன் இல்லாச் சான்றின் நகலோடு உடனே திருத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் நின்றுவிட்டால் பிள்ளைகளின் கல்விக் கடனுக்கு நீங்கள் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடும்போது வந்து குறுக்கே நிற்கும்.